அண்ணியின் வளையும் பலகை

கோப்பையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார் அண்ணி. காகிதக் கோப்பைக்குள் இருப்பது எபாக்ஸிப் பசை. ரெசின் என்ற பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் தராசில் நிறுத்து ஊற்றி, ஐஸ்கிரீம் குச்சியால் ஓரமெல்லாம் வழித்து வழித்துக் கலக்கியாயிற்று. கலந்த பசை தானாகவே சூடேறும். எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. அதைப் பார்ப்பதற்கென்றே அண்ணன் ஒரு வெப்பமானி வாங்கி வந்து சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அண்ணி அந்த ஆணியில் தலைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையை மாட்டி வைக்கிறார்.

"முழிச்சுக்கிச்சு" என்று முகமூடிக்குள்ளிருந்து குரல் வருகிறது. அடுத்த நொடி, பலகையின் மேல் விரித்திருந்த கண்ணாடி இழைத் துணியில் கோப்பை கவிழ்கிறது. ரப்பர் தகட்டால் அவர் இழுத்துப் பரப்பப் பரப்ப, வெள்ளையாய் இருந்த துணி பசையைக் குடித்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கோப்பையிலேயே விட்டிருந்தால் பசை பொங்கிப் புகைந்திருக்கும். "கூட்டமா இருந்தாத்தான் இதுக்குக் கோவம் வரும். பரப்பி விட்டுட்டா சாது."

பின்னறை வாசலில் நின்று சின்னவன் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பேர்தான் சின்னவன், மீசை நரைத்து வெகுகாலமாகிறது. அண்ணனுக்கு இளையவன் என்பதால் வீட்டில் வைத்த பெயர், ஊரிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. கடலைப் பார்த்த நீளமான தகரக் கொட்டகை ஒன்றில் மூன்று பேருக்கும் பிழைப்பு. முன்புறம் சின்னவனின் கடை. அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுவதும் விற்பதும், புதிதாய் வருகிறவர்களுக்குப் பலகைமேல் எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுப்பதும் அவன் வேலை. நடுவில் அண்ணனின் பட்டறை. நுரைக்கட்டையை மெஷினால் இழைத்துப் பலகைக்கு உருவம் கொடுக்கிறவர் அவர். கடைசியில், உடைந்த பலகைகளை முன்பு போட்டு வைத்திருந்த, ஒற்றை ஜன்னல் பின்னறை. அதில்தான் அண்ணி.

அலையேற வருகிறவர்கள் அவரைப் பசையக்கா என்கிறார்கள். அவர் செருப்பைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். சிந்திய துளிகள் இறுகி இறுகி, வலது செருப்பு இடதைவிட உயரமாகிவிட்டது. அவர் நடந்து வரும்போது மேசையில் கண்ணாடி டம்ளரை வைத்து வைத்து எடுப்பதுபோல் சத்தம் கேட்கும். சின்னவனின் மனைவி ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். அதை அண்ணி வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறார். பட்டறைக்கு வரும்போது பழையதுதான்.

கையில் எது கிடைத்தாலும் வளைத்துப் பார்ப்பது அவருடைய இன்னொரு பழக்கம். பிளாஸ்டிக் அளவுகோல், கரண்டி, பல் துலக்கும் பிரஷ், பாங்க் கார்டு, எதுவானாலும் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக வளைப்பார், விடுவார், திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். வீட்டில் முழுதாய் ஒரு சீப்பு கிடையாது. அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கப் போன கடையில், எந்த ஃபிரேம் தனக்குப் பொருந்துகிறது என்று கேட்டு அவர் திரும்புவதற்குள் அண்ணியின் கையில் ஒன்று இரண்டாகியிருந்தது. கடைக்காரர் முறைத்தார். மூக்குமேல் ஒடிவதைவிட இங்கேயே ஒடிந்தது நல்லதுதானே என்று அண்ணி அவருக்கே சமாதானம் சொன்னாராம். அண்ணன் பணத்தைக் கட்டிவிட்டுப் பழைய கண்ணாடியோடு வீடு வந்து சேர்ந்தார்.

"வளையறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல தம்பி. ஈரத் துணிகூடத்தான் வளையுது. திரும்பி வரணும். அதுவும் நமக்கு வேணுங்கற நேரத்துல வரணும்."

இந்தப் பேச்சைக் கடல் அவருக்குக் கற்றுத்தரவில்லை. அண்ணிக்கு நீந்தத் தெரியாது. இத்தனை வருஷம் கரையில் குடியிருந்தும் கடல்தண்ணீர் அவர் கணுக்காலைத் தாண்டியதில்லை. முன்பு அவர் ஓர் ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் செய்யும் பிரிவில் வேலை பார்த்தார். பாதம் அவர் பொறுப்பு. கார்பன் இழைகளை எபாக்ஸியில் தோய்த்து அடுக்கடுக்காய் ஒட்டி, குதிகால்பக்கம் தடிப்பாகவும் விரல்பக்கம் மெலிதாகவும் வார்த்தெடுப்பார்கள். ஊன்றும்போது அது வளைய வேண்டும். எடுக்கும்போது ஆளை முன்னால் தள்ளிவிட வேண்டும். விறைப்பாயிருந்தால் இடுப்பு வலிக்கும், தொளதொளவென்றிருந்தால் ஆள் விழுந்துவிடுவார். புதுக் கால் மாட்டியவர் வராந்தாவில் நடந்து பழகும்போது அண்ணி அவரைப் பார்க்கமாட்டாராம். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு காலடிச் சத்தத்தை மட்டும் கேட்பாராம். அந்தப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றியபோது கூடவே போக மனமில்லாமல் வேலையை விட்டார். கொஞ்ச நாளைக்குக் கூட்டிப் பெருக்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு புருஷனின் பட்டறைக்கு வந்தார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அவர் வந்த சமயம் சின்னவனுக்குப் போதாத காலம். ஒரு பெரிய அலை அவனைப் பலகையோடு சுருட்டி அடித்ததில் வலது முழங்காலின் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. நடை வந்துவிட்டது, அலை வரவில்லை. பலகைமேல் நின்ற சற்று நேரத்தில் முட்டி வீங்கிக்கொள்ளும். இனி கடலை மறந்துவிடுவதுதான் முட்டிக்கு நல்லது என்றார் டாக்டர். விடிந்தால் தண்ணீரில் இருந்தே வளர்ந்தவன், முட்டியில் உறையை மாட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் தங்கள் பலகைக்கு மெழுகு தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. அலை நன்றாக எழும்புகிற நாட்களில் கடல்பக்கக் கதவைச் சாத்திவிடுவான். கேட்டால், காற்று அதிகம் என்பான்.

ஒருநாள் அவன் கொட்டகைப் படியில் இறங்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பின்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அண்ணி வெளியே வந்தார். எந்த நேரத்தில், எந்த இடத்தில் வலிக்கிறது என்று விசாரித்தார்.

"நடக்கறப்ப ஒண்ணுமில்ல அண்ணி. பலகைமேல நிக்கறப்பதான். தண்ணி மேடும் பள்ளமுமா இருந்துச்சுன்னா, சிமெண்ட் தரையில குதிச்சுக்கிட்டே போற மாதிரி இருக்கு. ஒவ்வொரு அடியும் நேரா முட்டியில வந்து உக்காருது."

அண்ணி தலையை ஆட்டிவிட்டுத் துடைப்பத்தோடு உள்ளே போனார். அவன் முட்டியைப் பற்றி அதன்பிறகு அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சில நாளில் பின்னறையிலிருந்த உடைசல்கள் எல்லாம் வெளியே வந்தன. ஒரு மேசையும் தராசும் உள்ளே போயின.

அண்ணனின் பலகை எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கெட்டியான நுரைக்கட்டை. அதன் நடுவே தலையிலிருந்து வால்வரை ஓடும் ஒரு மரப்பட்டை; முதுகெலும்பு என்பார்கள். மேலே கண்ணாடி இழைத் துணி, பாலியெஸ்டர் ரெசின். கல்லுமாதிரி நிற்கும். அந்தக் கரையில் நல்ல பலகை என்றால் அதுதான். அண்ணி கைவைத்ததோ அந்த முதுகெலும்பிலேயே. அது வேண்டாம் என்றார். நுரைக்கட்டைக்குப் பதிலாக, டிவிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிற தெர்மாகோலில் கெட்டி ரகம் ஒன்றை எடுத்தார். பாலியெஸ்டர் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். எபாக்ஸிக்கு அது அசைந்துகொடுக்காது. பலத்தை நடுவில் வைக்காமல் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய மரப்பட்டைகளாக ஓடவிட்டார். வால்பக்கத்துக்கு இழைத் துணியை ஒன்றைவிட ஒன்று குட்டையாக வெட்டி, லாரிக்கு அடியிலிருக்கும் பட்டை வில்லைப் போல அடுக்கினார்.

"முதுகெலும்பு இல்லாம ஒரு பலகையா?" என்று அண்ணன் சிரித்தார். வளைகிற பலகை அலையின் வேகத்தையெல்லாம் தானே விழுங்கிவிடும் என்பது அவர் தொழிலில் கற்றது. உன் ரப்பர் பலகை எந்த மட்டில் இருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் கேலியாய் விசாரிப்பார். ஆனால் தெர்மாகோலைச் செதுக்க மனைவி இழைக்கும் மெஷினைக் கையில் எடுத்ததும், அவரால் ஒரு நிமிஷம் பொறுக்க முடியவில்லை. நகரு, கெடுத்துவிடுவாய் என்று மெஷினைப் பிடுங்கித் தானே செதுக்கிக் கொடுத்தார். வாயில் கேலியும் கையில் உதவியுமாகத்தான் அவர் நெடுகிலும் இருந்தார்.

முதல் பலகைக்கு மரத்தோல் ஒட்டிய நாளைச் சின்னவன் இன்றைக்கும் சொல்வான். அட்டை கனத்தில் சீவிய மரத்தகட்டைப் பலகையின் வளைவுகளோடு அழுத்தி ஒட்ட வேண்டும். ஆள் உட்கார்ந்து அழுத்தினால் நடுவில் படியும், ஓரத்தில் தூக்கும். அண்ணி ஒரு பழைய ஃபிரிஜ்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றி வைத்திருந்தார். பலகையைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, வாயை ஒட்டி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும்படி குழாயைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். பை மெல்லச் சுருங்கியது. பிறகு பலகையின் மேடு பள்ளம் ஒவ்வொன்றிலும் தோலாய்ப் படிந்து இறுகியது. யார் கையும் படவில்லை. தலையும் வாலும் நடுவும் ஓரமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அழுந்தின.

"நம்ம தலைமேல நிக்கற காத்துதான் தம்பி அழுத்துது. எவ்வளவு காத்து நம்ம மேல நிக்குதுன்னு நமக்கே தெரியறதில்ல."

சின்னவன் அண்ணாந்து பார்த்தான். தகரக் கூரைதான் இருந்தது. ஆனாலும் அன்று முழுவதும் அவன் கொஞ்சம் குனிந்தே நடந்தான்.

பலகை தயாரானபோது அவனை ஏறச்சொல்லி அண்ணி கேட்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். அது அங்கே நின்றுகொண்டிருந்தது. அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது. முட்டி உறையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனான். முதல் சில அலைகள் நன்றாகவே போயின. காலடியில் ஏதோ உயிர் இருப்பதுபோல் தோன்றியது. பிறகு ஒரு திருப்பத்தில் சடசடவென்று மரத்தோல் உரிந்தது. பலகை நடுவில் மடங்க, உரிந்த தகட்டின் விளிம்பு அவன் முழங்கையிலிருந்து தோள்வரை கிழித்துக்கொண்டு போனது. கரையிலிருந்தவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தார்கள்.

சின்னவனின் மனைவி பாங்கில் வேலை செய்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அன்று பாங்கிலிருந்து வந்த உடுப்போடு பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"உங்க ஆராய்ச்சிக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாராக்கா?"

கொட்டகைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அன்றிலிருந்து அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஓரகத்திகள் இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் தரையைப் பார்ப்பார். பின்னறையை இனிப் பூட்டிவிடலாம் என்றே அண்ணன் நினைத்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசல்வரை வருவதும் திரும்பிப்போவதுமாக இருந்தார்.

அண்ணி உடைந்த பலகையை மேசைமேல் போட்டு, உரிந்த தோலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நன்றாக ஒட்டிய இடம் பிய்ந்தால், செடியைப் பிடுங்கும்போது வேரோடு மண் வருவதுபோல, அடியிலிருக்கும் நுரையும் சேர்ந்து வரும். இங்கே அப்படி வரவில்லை. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில், ஸ்டிக்கரை உரித்தமாதிரி வழவழவென்று பிரிந்திருந்தது. அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். சோப்பைப்போல வழுக்கியது.

கைகூடத் துடைக்காமல் எழுந்து ஓரகத்தியின் வீட்டு வாசலுக்குப் போனார். அந்த அடுக்கை ஒட்டிய நாளில் மழைக்காற்று அடித்தது. ஈரம் அதிகமிருந்தால் காயும் எபாக்ஸியின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு படரும். தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட்டுத்தான் அடுத்ததை ஒட்ட வேண்டும். பார்வைக்குச் சுத்தமாயிருந்ததால் கழுவாமல் விட்டுவிட்டேன் என்றார்.

"கழுவாத மூஞ்சியில பவுடர் போட்ட மாதிரி ஆயிடுச்சு. உன் வீட்டுக்காரர் கையைக் கிழிச்சது பலகை இல்ல, என் சோம்பேறித்தனம். இனிமே நானே நம்பற வரைக்கும் அவரை ஏறவிட மாட்டேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஓரகத்தி உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவுமில்லை, கதவைச் சாத்தவுமில்லை. உள்ளே கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த சின்னவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தனக்குத் தையல் போட்டிருக்கிற நேரத்தில் சிரிப்பு வருவது முறையில்லை என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பலகை முடிந்துபோகவில்லை என்பது மட்டும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

நம்புகிற வரைக்கும் என்றால் எப்படி? அதற்கும் அண்ணி ஒரு வழி வைத்திருந்தார். பழைய தையல் மெஷினின் மோட்டாரை ஒரு கட்டையில் பூட்டினார். பலகையைப் போலவே அடுக்கடுக்காய் ஒட்டிய, கையகலத் துண்டு ஒன்றின் முனையை அது விடாமல் மேலும் கீழும் வளைக்கும்படி செய்தார். டக், டக், டக். கடல் பலகைக்குச் செய்கிற வேலையை மோட்டார் பகலெல்லாம் துண்டுக்குச் செய்தது. காய் நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அண்ணியின் காது அங்கேதான் இருக்கும். தாளம் கொஞ்சம் மாறினாலும் கையிலிருந்ததோடு ஓடுவார். துண்டு முறிந்திருந்தால், முறிந்த இடத்தை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த துண்டுக்கு அந்த இடத்தில் ஓர் அடுக்கைக் கூட்டுவார். சில சமயம் குறைப்பார்.

குறைப்பதுதான் சின்னவனுக்குப் பிடிபடவில்லை. ஒடிந்த இடத்தை இன்னும் தடிப்பாக்க வேண்டியதுதானே என்று கேட்டான்.

"அங்க முரண்டு பிடிச்சுக்கிட்டு நின்னதாலதான் ஒடிஞ்சிருக்கு. பக்கத்துல இருக்கறதெல்லாம் வளையுது, இது மட்டும் வளைய மாட்டேங்குது. எல்லா இழுப்பும் இது தலையில வந்து விழுது. கொஞ்சம் விட்டுக்கொடுன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

அந்தச் சத்தத்துக்கு வீடு பழகிவிட்டது. அது கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் கேட்காது. நின்றால்தான் எல்லாருக்கும் தூக்கிவாரிப்போடும். ஒரு விடுமுறை நாளில் திடீரென்று நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னாச்சுக்கா?" என்று ஓரகத்தியின் குரல் வந்தது. இத்தனை நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை. ஒன்றும் ஆகவில்லை, கரண்ட் போயிருக்கிறது என்றார் அண்ணி. சரியாப்போச்சு என்றது சுவர். அன்றிலிருந்து பேச்சு பழையபடி வந்துவிட்டது.

எத்தனை துண்டுகள் ஒடிந்தன என்பதை யாரும் எண்ணவில்லை. கடைசியில் ஒன்று ஒடியவில்லை. மோட்டார்தான் சூடேறிக் கருகிய வாடை அடித்தது. அண்ணியே போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அந்தத் துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு சற்றுநேரம் நின்றார். பிறகு அண்ணனிடம் ஒரு முழுக் கட்டை செதுக்கித் தரச் சொன்னார். இந்தத் தடவை அண்ணன் கேலி செய்யவில்லை.

இரண்டாவது பலகை செய்த விதத்தைப் பார்க்கச் சின்னவன் கடையைக்கூட அடிக்கடி மறந்தான். காலையில் அண்ணி பசையைத் தொடவே மாட்டார். வெயில் ஏறும்போது தெர்மாகோலுக்குள்ளிருக்கும் காற்று விரிந்து, ஈரப் பசையில் குமிழியிட்டு வெளியே வரும். வெயில் இறங்கத் தொடங்கிய பிறகு ஒட்டினால் அதே காற்று சுருங்கி, பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பிற்பகலுக்காக அவர் எல்லா வேலையையும் முடித்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு காத்திருப்பார். ஓர் அடுக்கு காய்ந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுவார், துடைப்பார், உப்புத்தாளால் தேய்ப்பார், திரும்பவும் கழுவுவார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் மடிப்புகளில் விரல்விட்டுப் பார்ப்பதுபோல, ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்ப்பார். முடிந்ததும் பலகையை இரண்டு முக்காலிகளின் மேல் பாலம்போல வைத்தார். அண்ணன் வந்து நடுவில் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினார். பலகை தாழ்ந்தது. கையை எடுத்தார். அது நடுங்காமல், ஆடாமல், ஒரே மூச்சில் நிமிர்ந்து நின்றது. அண்ணன் இன்னொருமுறை அழுத்தினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தன் பட்டறைக்குப் போய்விட்டார்.

சின்னவன் ஏறுவதற்கு அவன் மனைவி சம்மதித்தார். தானும் கூடவே வருவேன் என்பது மட்டும் நிபந்தனை. பாங்குக்கு லீவு போட்டுவிட்டு, துண்டும் மருந்துப் பெட்டியுமாகக் கரையில் வந்து நின்றார். பக்கத்தில் அண்ணன். அண்ணி தண்ணீர் வந்து தொட்டுப்போகிற கோட்டில், கணுக்கால் நனைய நின்றார். அலை அன்று பெரிதில்லை. ஆனால் காற்று தண்ணீரைக் கலைத்துவிட்டிருந்தது. மேடும் பள்ளமுமாக, அவன் முட்டி பயப்படுகிற மாதிரித் தண்ணீர்.

சின்னவன் பலகைமேல் படுத்துக் கைகளால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு உள்ளே போனான். ஓர் அலை பின்னாலிருந்து தூக்க, எழுந்து நின்றான். பலகை முதல் மேட்டில் மோதியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தான். வலி வரவில்லை. அடி விழுந்ததைப் பாதம் உணர்ந்தது. அது முட்டிக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கேயோ பலகை அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அடுத்த மேடு, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே போயின. கடித்த பல்லை அவன் மெல்ல விட்டான்.

பிறகுதான் பலகையைத் திருப்பிப் பார்க்கத் துணிந்தான். பின்னங்காலை ஊன்றிப் பலகையைச் சாய்த்தான். ஊன்றிய இடத்தில் பலகை அவனுக்காக வளைந்தது. ஒரு நொடி, அவன் பாரமும் அலையின் பாரமும் அந்த வளைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அவன் காலைத் தளர்த்தியதும் இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தது. யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டதுபோல் அவன் முன்னால் பாய்ந்தான். இத்தனை வருஷத்தில் கடல் அவனைத் தூக்கியிருக்கிறது, இழுத்திருக்கிறது, அடித்திருக்கிறது. கொடுத்ததைத் திருப்பித் தந்தது அதுதான் முதல்முறை. வாய்விட்டு ஏதோ கத்தினான். என்னவென்று அவனுக்கே தெரியாது.

அலைக்குமேல் அலையாக ஏறினான். கரையில் அவன் மனைவி மருந்துப் பெட்டியை எப்போதோ மணலில் வைத்துவிட்டிருந்தார். மற்ற அலைச்சறுக்குக்காரர்கள் தங்கள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். அண்ணன் மட்டும் அவனைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு விடுது" என்றார் அண்ணியிடம். அவ்வளவுதான் சொன்னார். நெடுநாளாய்க் கல்லுமாதிரிப் பலகை செய்தே பேரெடுத்த மனிதர் அவர்.

கை சோர்ந்துபோய்ச் சின்னவன் கரையேறியபோது ஒரு சின்னக் கூட்டமே சூழ்ந்துகொண்டது. பலகையைத் தொட்டார்கள், அழுத்தினார்கள், அடுத்தது எனக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மனைவி அவன் முட்டியைத் தொட்டுப் பார்த்தார், வீக்கம் இல்லை. அண்ணி கூட்டம் விலகும்வரை பொறுத்திருந்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டார். சின்னவன் வாயைத் திறந்தான். இருந்தது அண்ணி, அப்படியே இருந்தது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அண்ணி தன் கையை விரித்து நீட்டி, பலகை காலுக்கு என்ன செய்ததோ அதை இதில் அழுத்திக் காட்டச் சொன்னார். அவன் தன் உள்ளங்கையை அவர் உள்ளங்கைமேல் வைத்து மெல்ல அழுத்தினான், நிறுத்தினான், பிறகு விட்டான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆமாம், சத்தத்தைக் கேட்பதுபோலக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் விடும்போது கொஞ்சம் முந்திக்கொள்கிறதோ என்றார். அவன் யோசித்துப் பார்த்தான். ஒரு மயிரிழை முந்துகிறதுதான். பலகைமேல் நின்ற அவனுக்கே அது அப்போது தெரியவில்லை.

கொட்டகைக்கு வந்ததும் அண்ணி பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மேசைமேல் கிடத்தினார். கூட்டத்தில் பாதி வாசல்வரை பின்னாலேயே வந்திருந்தது. பின்னங்கால் ஊன்றுகிற இடத்துக்குச் சற்றுமுன்னால், பலகை மிகவும் வளைகிற இடத்தில், பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். சுவரிலிருந்து ரம்பத்தை எடுத்தார்.

முதலில் குறுக்கே வந்தவர் ஓரகத்திதான்.

"அக்கா, இதையாவது விட்டுவைங்கக்கா."

"உடைஞ்சதோட உள்ள பாத்துட்டோம். உடையாததோட உள்ள இன்னும் பாக்கல" என்றார் அண்ணி.

இன்னொன்று செய்துவிட்டு அப்புறம் இதை அறுக்கக்கூடாதா என்று அண்ணன் கேட்டார். இன்னொன்று செய்வதற்குத்தான் இதை அறுக்க வேண்டும் என்றார் அண்ணி. ஒருநாள் வளைந்ததில் உள்ளே எந்த அடுக்காவது பிரிந்து வெளுக்கத் தொடங்கியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. போகப்போக அது தண்ணீருக்கு நடுவில்தான் தெரியவரும்.

"தம்பி இன்னிக்கு ஒருநாள் போயிட்டு வந்தாப் போதுமா? நாளைக்கும் போகணும்ல."

கதவோரம் நின்றிருந்த சின்னவனின் முடியிலிருந்து இன்னும் கடல்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ரம்பம் கோட்டில் இறங்கியது. மரத்தோல் கிரீச்சென்றது; பிறகு வெள்ளைத் தெர்மாகோல் மணிகள் பறந்து அண்ணியின் புருவத்திலும் கையிலும் ஒட்டிக்கொண்டன. பாதிக்குமேல் அறுத்ததும் வால்பக்கத் துண்டு தன் பாரத்தில் தொங்கத் தொடங்கியது. அப்படியே விழுந்தால் அடியிலிருக்கும் அடுக்குகள் அறுபடாமல் பிய்ந்துபோகும். அண்ணி பார்க்க வேண்டியது கெட்டுவிடும். சின்னவன் உள்ளே வந்தான். மேசையின் மறுமுனைக்குப் போய் நின்று, இரண்டு கையாலும் வாலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.